ஹென்றி ஃபோர்டு: ஒரே மாடலை 19 வருஷம் விடாத மனுஷன்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வழியா சென்னைக்குப் போறவங்க மறைமலை நகரைத் தாண்டியிருப்பீங்க. 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு ஆலை அங்கதான் இருக்கு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஹென்றி ஃபோர்டு, 1863-ல் மிச்சிகனில் விவசாயி மகனாகப் பிறந்தவர்.

1908-ல் வந்த அவரோட மாடல் டி கார் 850 டாலர். அசெம்பிளி லைன் வந்தபிறகு, 1920-களில் 300 டாலருக்கும் கீழே இறங்கிடுச்சு. வாங்கின விவசாயிகள் ரிப்பேரைத் தாங்களே பார்த்துக்கிட்டாங்க. பின்சக்கரத்துல பெல்ட் மாட்டி மரம் அறுத்தாங்க, தண்ணி இறைச்சாங்க (நம்ம ஊர் டிராக்டர் மாதிரிதான்).

பிடிவாதம்தான் சிக்கல். போட்டிக்கு ஷெவர்லே வசதியா வந்து நின்னப்பவும், மகன் எட்செல் சொல்லியும், மாடலை மாத்த மனசு வரலை. 1927-ல்தான் நிறுத்தினார். அதுக்குள்ள 1.5 கோடி கார்கள்.

எட்செல் 1943-லேயே இறந்துட்டார். ஹென்றி இறந்தது 1947 ஏப்ரல் 7 அன்று. ஆற்று வெள்ளத்தால் வீட்டில் அன்னிக்கு கரன்ட் இல்லை.