பைபிளை ஆங்கிலத்தில் தந்து உயிரை விட்ட டிண்டேல்

ஆங்கிலம் படித்த கிறிஸ்தவ நண்பர்கள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் ஒரு வழக்கு எழுவதுண்டு. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள்தான் பைபிள், பிறகு வந்ததெல்லாம் தண்ணீர் கலந்த பால் என்பார் ஒருவர். விளங்காத பழைய நடையைக் கட்டிக்கொண்டு அழுவானேன், இக்கால ஆங்கிலத்தில் உள்ளதே மேல் என்பார் மற்றவர். இரு கட்சிக்காரர்களுமே ஒரே மனிதருக்குக் கடன்பட்டவர்கள். அவர் பெயர் வில்லியம் டிண்டேல்.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியான கிளாஸ்டர்ஷயரில் 1494-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்து 1515-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பாதிரியாராகவும் ஆனார். மொழிகள் கற்பதில் அவருக்கு நிகர் சிலரே.

அக்காலத்தில் கோயில்களில் வாசிக்கப்பட்டது லத்தீன் பைபிள். ஏர் உழுகிறவனுக்கும் துணி நெய்கிறவனுக்கும் அதில் ஒரு வார்த்தை விளங்காது. 14-ம் நூற்றாண்டில் விக்லிஃப் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அதற்குப் பரிசாக வந்தது ஒரு தடை. பிஷப்பின் அனுமதியில்லாமல் வேதத்தை மொழிபெயர்க்கக் கூடாது என்று 1409-ல் கட்டளை பிறந்தது. கோபம் அதோடு தீரவில்லை. விக்லிஃப் இறந்து 44 ஆண்டுகள் கழித்து, 1428-ல், அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள்!

டிண்டேல் முதலில் ஒரு பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு விருந்துக்கு வரும் குருமார்களுடன் வாக்குவாதம் செய்வார். ஒருநாள் கற்றறிந்த ஒருவரிடம், ஏர் ஓட்டும் பையன் உம்மைவிட அதிகமாக வேதம் அறியும்படி செய்வேன் என்று சவால் விட்டாராம். 1523-ல் லண்டன் போய் பிஷப் டன்ஸ்டலைக் கண்டு ஆதரவு கேட்டார். தம் மாளிகையில் இடமில்லை என்று பிஷப் கைவிரித்து விட்டார். ஹம்ப்ரி மான்மத் என்ற துணி வியாபாரிதான் சோறும் இடமும் கொடுத்தார். இங்கிலாந்தில் காரியம் நடக்காது என்று தெரிந்ததும், 1524-ல் டிண்டேல் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். பிறகு தாய்நாட்டு மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

துணி மூட்டைக்குள் வேதம்

1525-ல் கொலோன் நகரில் புதிய ஏற்பாடு அச்சாகத் தொடங்கியது. காக்லேயுஸ் என்ற எதிர்க்கட்சிக்காரர் அச்சுக்கூடத்து ஆட்களுக்கு மது வாங்கிக் கொடுத்து ரகசியத்தைக் கறந்தார். அதிகாரிகள் வருமுன் அச்சான தாள்களுடன் டிண்டேல் படகேறித் தப்பினார். மறு ஆண்டு வோர்ம்ஸ் நகரில் வேலை முடிந்தது. கிரேக்க மூலத்திலிருந்து நேராக ஆங்கிலத்தில் வந்து அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான். கைக்கடக்கமான புத்தகம். துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

பிஷப் டன்ஸ்டல் செயின்ட் பால் பேராலயத்தில் அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்து பிரதிகளைக் கொளுத்தினார். அத்துடன் விட்டாரா? ஒரு வியாபாரி மூலமாகப் பிரதிகளை விலைக்கு வாங்கியும் எரித்தாராம். அந்தப் பணம் டிண்டேல் கைக்கே வந்து சேர, திருத்திய பதிப்புக்கு அது உதவியது என்று அக்கால வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது.

எரிக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது? சில சொற்கள்! சர்ச் என்று வரவேண்டிய இடத்தில் சபை கூடுதல் என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். குருவுக்குப் பதில் மூப்பர் என்றார். தவம் செய் என்பதற்குப் பதில் மனம் திரும்பு என்று எழுதினார். சேரிட்டி என்ற சொல்லை விட்டு, லவ், அதாவது அன்பு என்று பெயர்த்தார். கிரேக்க மூலத்துக்கு இவையே பொருத்தம் என்பது அவர் வாதம். ஆனால் மனம் திரும்பினால் போதும் என்றால் பாவமன்னிப்புக்குக் குருவும் காணிக்கையும் எதற்கு என்ற கேள்வி வந்துவிடுமே! பெரிய அறிஞரான சர் தாமஸ் மோர் 1529-ல் அவரைத் தாக்கிப் புத்தகம் எழுதினார். டிண்டேல் 1531-ல் பதில் எழுதினார்.

இதற்கிடையே எபிரேய மொழி கற்று, மோசேயின் ஐந்து ஆகமங்களையும் பெயர்த்து 1530-ல் வெளியிட்டார். ஆபீசில் ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவர் தலையை உருட்டும்போது நாம் சொல்கிறோமே, ஸ்கேப்கோட் என்று, அந்தச் சொல்லைப் படைத்தவர் இவர்தான்.

காட்டிக் கொடுத்தவன்

ஆன்ட்வெர்ப் நகரில் தாமஸ் பாயின்ட்ஸ் என்ற ஆங்கில வியாபாரியின் பாதுகாப்பில் டிண்டேல் தங்கியிருந்தார். ஹென்றி பிலிப்ஸ் என்பவன் நண்பனைப் போல் வந்து ஒட்டிக்கொண்டான். தகப்பன் கொடுத்த பணத்தைச் சூதாடித் தொலைத்த ஆள். 1535 மே மாதம் ஒருநாள் டிண்டேலிடமே 40 ஷில்லிங் கடன் வாங்கினான். பிறகு சாப்பிட வெளியே கிளம்பிய அவருடன் கூடவே போனான். குறுகலான சந்தில் மரியாதை செய்கிறவன் போல் அவரை முன்னே போகவிட்டு, பின்னால் நின்று விரலால் சுட்டிக் காட்டினான். காத்திருந்த சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பிரஸல்ஸ் அருகே வில்வோர்டு கோட்டையில் சுமார் 16 மாதம் அடைத்து வைத்தார்கள். அவரை விடுவிக்க அலைந்த பாயின்ட்ஸும் கைதாகி, தப்பியோடி, வியாபாரத்தை இழந்தார். சிறையிலிருந்து டிண்டேல் லத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. குளிருக்கு ஒரு குல்லாய், கிழிந்த உடுப்பை ஒட்டுப் போடத் துணி, இரவில் ஒரு விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிளும் இலக்கணமும் அகராதியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பழைய ஏற்பாடு பாதியில் நின்றிருந்ததே!

1536 அக்டோபரில் அவரைக் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். இங்கிலாந்து மன்னரின் கண்களைத் திறக்கும்படி கடைசியாக ஆண்டவரை வேண்டினார் என்பார்கள்.

மறு ஆண்டே, 1537-ல், வேறு பெயரில் வந்த முழு பைபிளுக்கு மன்னர் 8-ம் ஹென்றியே அனுமதி கொடுத்தார். அதில் பெரும்பகுதி டிண்டேலின் எழுத்து. 1611-ல் சுமார் 47 அறிஞர்கள் கூடி உருவாக்கிய ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் அப்படியே. அதன் புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 83 சதவீதம் டிண்டேலுடையது என்று 1998-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

பழைய நடை என்று நாம் பயபக்தியோடு பார்க்கும் 'தவ்' என்ற சொல் அவர் காலத்தில் நம் 'நீ' தான். கடவுளானாலும் அடிமையானாலும் ஒருவர் என்றால் 'தவ்'. அதில் தனி மரியாதை எதுவும் கிடையாது. தமிழ் வேதத்தில் தேவரீர் என்று படித்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். டிண்டேல் எழுதியது அன்றைய ஜனங்களின் பேச்சு மொழி. நூறு ஆண்டுக்குள் அது பழசாகத் தொடங்கிவிட்டது.

1881-ல் புதிய ஏற்பாட்டைத் திருத்தியபோது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ம் அதிகாரத்தில் சேரிட்டியை எடுத்துவிட்டு லவ் என்று மாற்றினார்கள். புதுமை என்று பலர் முகம் சுளித்தார்கள். 1611-ல் அறிஞர்கள் தள்ளிவிட்ட டிண்டேலின் சொல்தான் திரும்பி வந்தது! எரிக்கும் வழக்கமும் திரும்பி வந்தது. 1952-ல் அமெரிக்காவில் திருத்திய பைபிள் ஒன்று வெளியானபோது, ஏசாயாவில் கன்னி என்றிருந்த இடத்தில் இளம்பெண் என்று போட்டதற்காக ஒரு போதகர் அந்தப் பக்கத்தைத் தீயிட்டார். ஆளை எரிக்கவில்லை, அந்த மட்டும் முன்னேற்றம்.

1526-ல் வோர்ம்ஸில் அச்சான பிரதிகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே. ஒன்றை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் 1994-ல் பத்து லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து வாங்கியது. இன்னொன்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறது. பக்கங்கள் குறைந்துபோன மூன்றாவது பிரதி இருக்குமிடம், லண்டன் செயின்ட் பால் பேராலயத்து நூலகம்.