கண்ணொளி வழங்கிய மதுரை மருத்துவர் டாக்டர் கோ. வெங்கடசாமி

மதுரையிலிருந்து வெளியூர்களுக்குச் செல்லும் பேருந்துகளில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, மகனின் அல்லது மருமகளின் கையைப் பற்றியவாறு அமர்ந்திருக்கும் முதியோரைக் காணாதவர் நம்மில் அரிது. அவர்களுள் பலர் அண்ணாநகரிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்று திரும்புபவர்கள். அம்மருத்துவமனையின் பெயரை அறியாத இல்லம் நமது வட்டாரத்தில் இல்லை. எனவே அதனை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை நமது ஜமாஅத்தார்களுக்கு அறிமுகப்படுத்துவதாகச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். எனினும் அன்னாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரைத் தனியொருவராகவே பேசி முடித்துவிடுகின்றனர். அவருடன் நின்ற உடன்பிறந்தாரையும், அவர்கள் இழந்தவற்றையும் குறிப்பிடுவோர் குறைவு. அதனால்தான் இவ்வாண்டு மலரில் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

அன்னார் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த அப்பகுதி இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. தந்தை கோவிந்தப்பா ஒரு விவசாயி. ஐந்து மக்களுள் வெங்கடசாமியே மூத்தவர். காலையில் எருமைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றுவிட்டுப் பிறகுதான் பள்ளிக்கு நடக்க வேண்டும். காகிதமும் பென்சிலும் கண்ணில் காணாத காலம். ஆற்றிலிருந்து மெல்லிய மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதியே அவர் எழுத்தறிந்தார்.

அவருடைய நெருங்கிய உறவுப் பெண்கள் மூவர், ஒருவர்பின் ஒருவராக, நிறைமாதக் கர்ப்பத்தில் வலிப்புக் கண்டு இறந்தனர். ஊரிலோ அருகிலோ மருத்துவர் எவரும் இல்லை. கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தம் மிகுவதால் வரும் அவ்வலிப்பினை இன்று உரிய நேரத்தில் கண்டறிந்து தடுத்துவிடுகின்றனர். அன்று அவ்வூரில் அது விதி என்றே விடப்பட்டது. சிறுவனாக இருந்த வெங்கடசாமியின் உள்ளத்தில் அம்மரணங்கள் ஆழப் பதிந்தன. மருத்துவராக வேண்டும், அதிலும் பேறுகால மருத்துவராக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே இராணுவ மருத்துவப் பிரிவில் பணியேற்றார். எல்லாம் அவர் எண்ணியவாறே நடந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்போதுதான் கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948-இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். மூட்டுகள் வீங்கின, கைவிரல்கள் வளைந்து கோணிப்போயின, பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. நடந்தால் வலி, நின்றால் வலி. அவ்வலி ஆயுள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

பேறுகால மருத்துவத்திற்கு வலுவான கைகள் தேவை. அவ்வழி அடைபட்டுவிட்டது. முப்பது வயதில், குழந்தைப் பருவம் முதல் சுமந்து வந்த ஒரே விருப்பத்தை மனிதன் இறக்கி வைப்பது எளிதன்று. அன்னார் கண் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டு, சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் பயின்று 1951-இல் தேர்ச்சி பெற்றார். கோணிய விரல்களுக்கிடையில் கத்தியை நிறுத்தப் பழகினார். தம் கைக்குப் பொருந்தும் வகையில் கருவிகளையும் அமைத்துக்கொண்டார். கண் அறுவையில் ஒரு மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும் என்பதை நாம் அறிவோம். அத்தகைய பணியை அத்தகைய விரல்களால் செய்து, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் தம் கையாலேயே நிறைவேற்றினார். ஒரே நாளில் நூறு வரையிலும் செய்ததுண்டு.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்கும், எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் பிரிவுக்கும் தலைவராக வந்து சேர்ந்தார். இன்று இராஜாஜி அரசு மருத்துவமனை என்று நாம் அழைப்பது அதுவே. அங்கிருந்த இருபது ஆண்டுகளில் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. மருத்துவமனைக்கு வருவோர் சிலரே. கிராமங்களில் இருளில் இருப்போர் பலர். கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயது முதிர்வால் வெண்மையாகிப் போவது. அதனை அகற்றினால் பார்வை மீளும். ஆனால் இக்காலத்திலும் கண் மங்குவதை நரை போலவே இயல்பென்று எண்ணுவோர் இருக்கும்போது, அக்காலத்து நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பார்வை இழந்த முதியவர், உண்ண வாய் உண்டு, உழைக்கக் கை இல்லை என்ற கணக்கில் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டார். விவசாயக் குடும்பத்தில் பிறந்த வெங்கடசாமிக்கு அந்த மூலை நன்கு தெரியும்.

1965-இல் வெளிநாட்டு மாநாடொன்றில் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். வில்சன் தாமே பார்வையற்றவர். பார்வையற்றோருக்காக உலகெங்கும் பணியாற்றியவர். அவருடைய ஊக்கத்தால் கிராமக் கண் முகாம்கள் பெருகின. 1973-இல் இந்திய அரசு வெங்கடசாமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

இனி அவருடைய குடும்பத்திற்கு வருவோம். தந்தையின் மறைவுக்குப்பின் குடும்பப் பொறுப்பு மூத்த மகன் தோளில் விழுந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கையரைப் படிக்க வைப்பதும் மணமுடித்து வைப்பதும் அவர் கடமையாயின. கடைசித் தங்கை நாச்சியார் அவரைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர். அண்ணன் என்பதைவிடத் தந்தை என்றே சொல்லத்தக்க உறவு. அத்தங்கையும் கண் மருத்துவரானார். அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, வெங்கடசாமியின் மாணவர். நம்பெருமாள்சாமியின் தங்கை விஜயலட்சுமியும் அவருடைய கணவர் எம். சீனிவாசனும் கண் மருத்துவர்களே. பெண் கொடுத்து உறவானதோடு, இவ்விரு குடும்பங்களும் ஒரே பணியில் பிணைந்தன.

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. அவ்வயதில் நம்மில் பெரும்பாலோர் ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு அமர்ந்துவிடுவோம். அவரோ கோவெல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையை ஏற்படுத்தி, அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். புதுச்சேரி அரவிந்தரின் மீது பற்றுடையவராதலின் அவர் பெயரையே சூட்டினார். ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. வங்கியின் நோக்கில் அதில் வியப்பில்லை. வீடு அடமானம் வைக்கப்பட்டது. உடன்பிறந்தாளும் மருமக்களும் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர்; அவை அடகுக்குச் சென்றன. நமது குடும்பங்களில் நகை என்பது பெண்ணுக்கு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்டவர் அண்ணன், கழுத்தை வெறுமையாக்கிக்கொண்டவர்கள் பெண்கள். இதை நாம் மறந்துவிடலாகாது.

தம்பி ஜி. சீனிவாசன் பொறியாளர். கட்டடப் பொறுப்பு அவருடையது. முதலில் தரைத்தளம் எழும். அதில் நோயாளிகள் பார்க்கப்படுவர். வந்த வருவாயில் அடுத்த தளம் எழும். 1978-இல் 70 படுக்கைகள் கொண்ட இலவசப் பிரிவு, 1981-இல் 250 படுக்கைகள் கொண்ட முதன்மை மருத்துவமனை, 1984-இல் 350 படுக்கைகளுடன் புதிய இலவச மருத்துவமனை என வளர்ச்சி தொடர்ந்தது. பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களிலும் கிளைகள் தோன்றின.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அறக்கட்டளைகளையும் வக்ஃபு சொத்துக்களையும் நிர்வகிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது. நன்கொடையை நம்பி அன்னடைய நிர்வாகம் ஓடவில்லை. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தினர். அக்கட்டணமே இலவச நோயாளிகளின் செலவையும் தாங்கியது. இலவசப் பிரிவுக்குச் செல்வோரிடம் ஏழ்மைக்குச் சான்று கேட்கப்படவில்லை. எந்த வாயிலில் நுழைவது என்பதை நோயாளியே தீர்மானித்தார். கட்டணம் செலுத்தியவருக்குக் கட்டிலும் தனி அறையும், இலவசமாக வந்தவருக்குத் தரையில் பாயும் கிடைத்தன. ஆனால் இருவருக்கும் அறுவை செய்த மருத்துவர்கள் ஒருவரே. அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அடுத்தடுத்துப் போடப்பட்டிருக்கும். ஒருவருக்கு முடிந்தவுடன் மருத்துவர் அடுத்த மேசைக்குத் திரும்புவார். அதற்குள் முந்தைய மேசையில் வேறொருவர் ஆயத்தமாயிருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாத இம்முறைக்கு, உலகெங்கும் ஒரே தரத்தில் உணவு விற்கும் மெக்டொனால்ட்ஸ் கடைகளும் அவருக்கு ஒரு முன்மாதிரியாயின என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

முகாம்களிலும் ஒரு பாடம் கிடைத்தது. அறுவை இலவசம் என்று அறிவித்தால் மக்கள் திரண்டு வருவர் என்று முதலில் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. பேருந்துக் கட்டணம், மதுரையில் உணவுச் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு இவையே ஏழையைத் தடுத்தன. அதன்பின் நோயாளியை வண்டியில் அழைத்து வந்து, உணவளித்து, அறுவை செய்து, ஊரில் கொண்டுபோய் விடுவது வழக்கமாயிற்று.

எண்பதுகளில் புரையை எடுத்த கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தும் முறை பரவியது. அதற்கு முன்பு தடித்த கண்ணாடியே கதி. வெளிநாட்டு வில்லையின் விலை நூறு டாலருக்கும் மேல். அதனை ஏழைக்கு இலவசமாகக் கொடுப்பது இயலாத காரியம். 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை மதுரையிலேயே அமைத்து, ஏறத்தாழப் பத்து டாலர் விலையில் வில்லைகளைச் செய்தனர். பின்னர் அவை பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின.

இப்பணியில் ஒரு கடுமையும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபடும். வெளியே தனி மருத்துவமனை வைத்தால் பன்மடங்கு ஈட்டக்கூடியவர்கள், குறைந்த ஊதியத்தில், விடியுமுன் தொடங்கி நெடுநேரம் உழைத்தனர். தொடக்க ஆண்டுகளில் தங்கையும் அவர் கணவரும் அரசுப் பணியையும் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தை இங்கே கொடுத்தனர். அண்ணன் எவ்வளவு உழைத்தாரோ அவ்வளவும் மற்றவரிடமும் எதிர்பார்த்தார். குழந்தைகளை வளர்க்கும் வயதிலிருந்த பெண்களுக்கு அது எளிதாயிருந்திருக்காது என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் பிறரிடம் கேட்டதை அவர் தமக்கு விலக்கிக்கொள்ளவில்லை. மருத்துவமனையிலிருந்து அவர் ஊதியம் பெற்றதில்லை. அரசு ஓய்வூதியத்திலேயே இறுதிவரை வாழ்ந்தார்.

உறவினர்களுக்கு அடுத்தபடியாகக் குறிப்பிட வேண்டியவர்கள் கிராமத்துப் பெண்பிள்ளைகள். பள்ளிப்படிப்பு முடித்த விவசாயக் குடும்பத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுப் பயிற்சியளித்து, கண்பார்வை சோதிப்பது முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை பெரும்பகுதிப் பணிகளை அவர்களிடம் ஒப்படைத்தனர். மருத்துவர் ஒருவர் அத்தனை பேருக்கு அறுவை செய்ய முடிந்தது அப்பெண்கள் இருந்ததனால்தான். அவர்களுடைய பயிற்சியை நெடுங்காலம் கவனித்து வளர்த்தவர் தங்கை நாச்சியார்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 87. குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் அப்பணியில் ஈடுபட்டனர். மறு ஆண்டு நம்பெருமாள்சாமிக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அண்ணன் அவ்விருதைப் பெற்று 46 ஆண்டுகள் சென்றபின், 2019-இல், தங்கை நாச்சியாருக்கும் அதே விருது வந்து சேர்ந்தது.