கை கழுவச் சொன்ன டாக்டர்

வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டு என்றாலே கர்ப்பிணிகள் நடுங்கினார்கள். அங்கே சேர்க்க வேண்டாம் என்று மண்டியிட்டு அழுதார்கள். பிரசவ ஜன்னி அத்தனை பேரைக் கொன்றது. மருத்துவச்சிகள் கவனித்த இரண்டாவது வார்டிலோ சாவு குறைவு!

ஏன் இப்படி? 1846-ல் அங்கு வேலைக்கு வந்த ஹங்கேரி டாக்டர் செம்மல்வைசுக்கு விளங்கவில்லை.

மறு வருஷம் அவருடைய நண்பர் டாக்டர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையில் கத்தி கீறி, ரத்தத்தில் விஷம் ஏறி இறந்தார். உடலில் அதே ஜன்னியின் அடையாளங்கள்! பிணம் அறுத்த கையோடுதான் டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். செம்மல்வைசும்தான்.

பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் எல்லோரும் கை கழுவ உத்தரவிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்த வார்டில், ஜூனில் இரண்டே பேர்தான் இறந்தார்கள்.

பெரிய டாக்டர்களுக்குக் கோபம். தங்கள் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? 1850-ல் அவர் வியன்னாவை விட்டே போனார்.

1865-ல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். இரண்டே வாரத்தில், காயம் சீழ்பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி இறந்தார். வயது 47.