102 நொடி சரி, தூரம் சரியா? ‘பறக்கும் தட்டு’ கென்னத் அர்னால்டின் கதை

‘பறக்கும் தட்டு’ என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது 1947 கோடையில். அதற்குக் காரணமான கென்னத் அர்னால்டு விஞ்ஞானி இல்லை, ராணுவ வீரரும் இல்லை. தீயணைப்புக் கருவிகள் விற்ற வியாபாரி.

1915-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் பிறந்து, மொன்டானாவில் வளர்ந்தவர். ஐடஹோவின் பாய்சி நகரில் சொந்தத் தொழில். ஊர் ஊராகப் போக வேண்டியிருந்ததால் சின்ன விமானம் ஒன்றை அவரே ஓட்டினார். ஓடுபாதை இல்லையா? மாடு மேயும் புல்வெளியில் இறக்கிவிடுவார்.

ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாகாணத்தில் செஹேலிஸிலிருந்து யாக்கிமாவுக்குக் கிளம்பியவர், வழியில் ரெய்னியர் மலைப் பக்கம் திரும்பினார். அங்கே விழுந்ததாகக் கருதப்பட்ட ராணுவ விமானத்தைக் கண்டுபிடித்தால் 5,000 டாலர் பரிசு. மணி மூன்றை நெருங்கும்போது பளீரென்று ஒரு மின்னல் வெளிச்சம். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒன்பது பொருட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

சும்மா அள்ளிவிடுகிற ஆள் கிடையாது அர்னால்டு. கண்ணாடியில் விழும் பிரதிபலிப்போ என்று ஜன்னலைத் திறந்து பார்த்தார். விமானக் கடிகாரத்தில் நேரம் குறித்தார். ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை 1 நிமிடம் 42 நொடி. இரண்டுக்கும் இடையே சுமார் 75 கி.மீ. கணக்குப்படி மணிக்கு 2,700 கி.மீ. வேகம் வருகிறது! அவருக்கே நம்ப முடியாமல் 1,900 என்று குறைத்துக்கொண்டார். மனிதன் ஓட்டிய விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டியதே அந்த ஆண்டு அக்டோபரில்தான்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்று பாருங்கள்: தலைக்கு மேலே பறக்கும் காகமும் உயரத்தில் போகும் விமானமும் ஒரே நேரத்தில் வானத்தைக் கடப்பதுபோலத் தெரியும். எவ்வளவு தள்ளிப் போகிறது என்று தெரியாமல் வேகத்தைச் சொல்லவே முடியாது. வேறொரு இடத்திலிருந்து இன்னொருவர் அதே நொடியில் திசையைக் குறித்திருந்தால், இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியை வரைபடத்தில் பிடித்துவிடலாம். அர்னால்டோ விமானத்தில் தனியாக இருந்தார். அந்தப் பொருட்கள் ஒரு சிகரத்துக்குப் பின்னால் மறைந்து வந்ததை வைத்து, 32 முதல் 40 கி.மீ. தூரம் என்று முடிவு செய்தார். அளவுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். எஞ்சின் மூடியைத் திறக்கும் சிறு கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தூரத்தில் தெரிந்த டிசி-4 பயணிகள் விமானத்தோடு ஒப்பிட்டார்.

அமெரிக்க விமானப்படைக்காக இதை ஆராய்ந்த வானியலாளர் ஆலன் ஹைனெக் இடித்துக்காட்டியது இங்கேதான். 15 மீட்டர் நீளமுள்ள பொருளின் உருவம் அவ்வளவு தூரத்தில் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பிடிபட வேண்டுமென்றால் அது 600 மீட்டர் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 10 கி.மீ. பக்கத்தில் போயிருக்க வேண்டும். அப்படியானால் வேகம் வெறும் 650 கி.மீ.தான், சாதாரண விமானமே போகிற வேகம். ஆனால் 10 கி.மீ. என்றால் சிகரத்துக்குப் பின்னால் மறைந்த கதை இடிக்கிறது. கடைசியில் விமானப்படை இதைக் கானல் தோற்றம் என்று கோப்பில் எழுதி மூடியது. கடிகாரம் பார்த்த ஒருவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்!

இன்னொரு வேடிக்கை. அவர் பார்த்தது வட்டமான தட்டே இல்லை. தண்ணீரில் எறிந்த தட்டு துள்ளிப் போவதுபோல அவை நகர்ந்தன என்று பத்திரிகையாளர்களிடம் விவரித்தார். அசைவுக்குச் சொன்ன உவமை, செய்தித் தலைப்புகளில் உருவமாகிவிட்டது. ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படத்தில் இருப்பது முன்பக்கம் வளைந்து, பின்பக்கம் கூம்பிய வடிவம். ஆனால் அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் மக்கள் பார்த்ததாகச் சொன்னதோ தட்டுகளை!

ஜூலை இறுதியில் ஒரு பத்திரிகை ஆசிரியர் பணம் அனுப்ப, டகோமா அருகே மோரி தீவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு சம்பவத்தை விசாரிக்கப் போனார். விஷயம் தன் கைக்கு மீறியதாகத் தோன்ற, ஏற்கெனவே தன்னை விசாரித்த இரண்டு ராணுவ அதிகாரிகளை அழைத்தார். வந்து பார்த்துவிட்டு, ஆகஸ்ட் 1 அதிகாலையில் திரும்பும் வழியில் அவர்களின் விமானம் விழுந்து இருவரும் இறந்தனர். மோரி தீவு விவகாரம் மோசடி என்று விசாரணையில் முடிவானது.

1952-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். 1962-ல் ஐடஹோ துணை ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1984 ஜனவரியில், 68 வயதில் காலமானார். பார்த்ததைப் பார்த்தேன் என்பதிலிருந்து கடைசி வரை அவர் பின்வாங்கவில்லை.