நினைவே ஏடாக: அன்னா அக்மதோவா

எழுதிய தாளே எழுதியவருக்கு எதிரான சாட்சியாகிவிடும் காலத்தில் கவிஞர் என்ன செய்வார்? ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் வாழ்வு இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது.

1889-ஆம் ஆண்டு, கருங்கடற்கரையில் ஒதெஸ்ஸா நகருக்கு அருகில் பிறந்தார். குடும்பப் பெயர் கொரென்கோ. கவிதை எழுதும் மகள் அப்பெயரைத் தாங்குவதைத் தந்தை விரும்பவில்லை. எனவே, தாய்வழி முன்னோரின் பெயரிலிருந்து அக்மதோவா என்னும் புனைபெயரை ஏற்றார். 1910-இல் கவிஞர் நிக்கலாய் குமிலியோவை மணந்தார். 1912-இல் 'மாலை' என்னும் முதற்றொகுதி வெளிவந்தது. மகன் லேவ் பிறந்ததும் அவ்வாண்டிலேயே. 1914-இல் வந்த 'செபமாலை' அவரை நாடறிந்த கவிஞராக்கியது.

அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1917-இல் புரட்சி வெடித்தது. நண்பர் பலர் அயல்நாடு சென்றனர். அக்மதோவா தாய்மண்ணை நீங்க மறுத்தார். 1918-இல் மணவாழ்வு முறிந்தது. 1921-இல் குமிலியோவ் சதிக் குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1920-களின் நடுவிலிருந்து 1940 வரை அக்மதோவாவின் புதிய கவிதைத் தொகுதி எதுவும் அச்சேறவில்லை.

1935-இல் கைதாகி விடுதலை பெற்ற மகன், 1938-இல் மீண்டும் சிறைப்பட்டான். லெனின்கிராட் நகரின் கிரெஸ்தி சிறைவாயிலில், மகனைப் பற்றிய ஒரு சேதிக்காகவும் ஒரு பொட்டலம் கொடுப்பதற்காகவும் தாய் வரிசையில் நின்றார். அவ்வாறு கழிந்தவை 17 மாதங்கள். உடன் நின்ற பெயரறியாப் பெண்களின் துயரமே 'ரெக்வியம்' என்னும் நெடுங்கவிதையாயிற்று.

அதை ஏட்டில் வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே துண்டுத் தாளில் சில அடிகளை எழுதி, நம்பிக்கைக்குரிய தோழியிடம் நீட்டுவார். ஒட்டுக்கேட்கும் சுவர்களுக்காக வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். தோழி மனப்பாடம் செய்து முடித்ததும் தாள் சாம்பற்கிண்ணத்தில் எரியும். அவ்வாறு நினைவில் சுமந்தவருள் ஒருவர் எழுத்தாளர் லிதியா சுகோவ்ஸ்கயா. அவருடைய கணவரும் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டவரே.

1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. அந்நகரப் பெண்களை நோக்கி வானொலியில் அக்மதோவா பேசினார். பின்னர் தாஷ்கந்துக்கு அனுப்பப்பட்டார். 1942-இல் அவருடைய 'துணிவு' என்னும் கவிதையைப் 'பிராவ்தா' நாளேடே வெளியிட்டது. பகைவன் கொன்றவர்களுக்காக அழ அரசு இசைந்தது; அரசே கொன்றவர்களுக்காக அழ இசையவில்லை. அக்மதோவாவுக்கோ இரு சாராரும் ஒரே நகரத்தின் மக்கள்.

1944-இல் ஊர் திரும்பினார். 1946-இல் கட்சித் தீர்மானம் ஒன்று அவரைக் கடுமையாகக் கண்டித்தது. எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பெர்லின் வரை சென்று போரிட்டுத் திரும்பிய மகன் 1949-இல் மறுபடியும் கைதானான். அவனை மீட்கும் நோக்கில், 1950-இல் ஸ்டாலினைப் புகழ்ந்து சில பாடல்கள் எழுதி வெளியிட்டார். மானத்தையும் ஈடுவைத்த அம்முயற்சி பயன் தரவில்லை. 1956-இல்தான் லேவ் விடுதலை பெற்றான்.

'ரெக்வியம்' 1963-இல் மூனிச் நகரில், ஆசிரியரின் இசைவின்றி நூலாயிற்று. 1966 மார்ச் 5 அன்று மாஸ்கோவுக்கு அருகில் அக்மதோவா காலமானார். 13 ஆண்டுகளுக்கு முன் ஸ்டாலின் இறந்ததும் அதே நாளில். கோமரோவோ சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார். சோவியத் நாட்டில் அக்கவிதை முழுமையாக அச்சேறியது 1987-இல்.

தமக்கு என்றேனும் சிலை எழுப்பினால், பிறந்த கடற்கரையில் வேண்டாம், தாம் காத்து நின்ற சிறைவாயிலில் வைக்கட்டும் என்று அக்கவிதையில் வேண்டியிருந்தார். 2006-இல், நேவா ஆற்றின் எதிர்க்கரையில், கிரெஸ்தி சிறையை நோக்கியவாறு அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.