36 வருஷம் தாண்டியும் விடாத ஜெபம்... யார் இந்த ஜார்ஜ் முல்லர்?

ஒரே விஷயத்துக்காக எத்தனை நாள் ஜெபிக்க முடியும்? ஒரு வாரம்? ஒரு மாசம்? ஜார்ஜ் முல்லர் 36 வருஷம் தாண்டியும் நிறுத்தவில்லை.

திருடனாக இருந்தவர்

1805-ல் இன்றைய ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயசில் அப்பா பணத்தையே திருடியவர். 16 வயதில், விடுதியில் தங்கிவிட்டு பில் கட்டாததால் சிறைக்கும் போனார். 1825-ல் ஹாலே நகரில் படித்தபோது, ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டம் அவரை அடியோடு மாற்றியது.

யாரிடமும் கேட்கவில்லை

1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கினார். நன்கொடை கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையை கடவுளிடம் மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தார். கையில் காசே இல்லாத நாட்களும் வந்தன. ஆனாலும் 1870-க்குள் 5 பெரிய கட்டிடங்கள் எழுந்தன. அவர் காலத்தில் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் அங்கே வளர்ந்தனர்.

அந்த 5 பேர்

எல்லாமே உடனே கிடைத்ததா? இல்லை. 1844 நவம்பரில், 5 பேர் மனம் திரும்ப வேண்டும் என்று தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் நபருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அடுத்தவருக்கு மேலும் 5 வருஷம். மூன்றாமவருக்கு இன்னும் 6 வருஷம். 36 வருஷம் கழித்தும் 2 பேர் மாறவில்லை. உடம்பு சரியில்லாத நாளிலும், பயணத்திலும் அவர் ஜெபத்தை விடவில்லை.

1898 மார்ச் 10-ல், 92 வயதில் காலமானார். குழந்தைகளின் சாப்பாட்டுக்காக ஜெபித்தால் சில சமயம் அன்றைக்கே பதில் வந்தது. மனுஷங்களுக்காக ஜெபித்தபோது பல வருஷம் ஆனது. முல்லர் இரண்டையும் ஒரே மாதிரிதான் கேட்டார்.