நான்கு வரிப் பாட்டும் நாலு அரசர்களும்

நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் காணிக்கைத் தட்டு பலிபீடத்துக்குப் போகும்போது எல்லோரும் எழுந்து நின்று நான்கு வரித் துதிப்பாட்டு ஒன்றைப் பாடுவோமே, நினைவிருக்கிறதா? ஆங்கில ஆராதனை நடக்கிற ஆலயங்களில் உலகம் பூராவும் அதைப் பாடுகிறார்கள். கிறிஸ்தவரல்லாத நண்பர்கள்கூட மெட்டைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணி, ஹாஸ்டல் குளியலறையில் முணுமுணுத்ததுண்டு. அதை எழுதியவர் யார் என்று அந்த நாளில் யாரும் கேட்டதில்லை. சொல்லித் தந்தவரும் இல்லை.

அவர் பெயர் தாமஸ் கென். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரண்மனைப் போதகராக, அதாவது சாப்ளினாக இருந்தவர். பிறகு பேராயர் ஆனவர். நம்மைப்போல ஒரு பள்ளிக்கும் ஒரு கல்லூரிக்கும் பழைய மாணவர். அந்தத் துதிப்பாட்டையும் தம் பழைய பள்ளியின் மாணவர்களுக்காகத்தான் எழுதினார். எனவே பழைய மாணவர் சங்க மலரில் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமென்றே நினைக்கிறேன்.

கென் 1637-இல் பிறந்தார். தகப்பனார் லண்டனில் வழக்கறிஞர். தாயைச் சின்ன வயதிலேயே இழந்தார். தமக்கை முறையான ஆனின் கணவர், மீன் பிடித்தல் பற்றிய நூலால் பெயர் பெற்ற ஐசக் வால்டன். அந்த அத்தானின் வீடுதான் பையனுக்கு அன்பும் ஆதரவும் தந்தது. பிறகு வின்செஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். 1382-இல் தோன்றிய பழைமையான பள்ளி அது. அங்குள்ள சுற்றுக்கூடத்துக் கல்லில் மாணவன் கென் செதுக்கிய தன் பெயர் இன்றும் இருக்கிறது. பெஞ்சில் பேரைச் செதுக்கி அபராதம் கட்டிய நம் நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்! அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜ். படிப்பு முடிந்து குருப்பட்டம் பெற்று, கிராமச் சபைகளில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தார். பிறகு வின்செஸ்டருக்கே திரும்பி வந்துவிட்டார்.

1674-இல் தம் பழைய பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு ஜெபப் புத்தகம் வெளியிட்டார். பின்னால் வந்த பதிப்புகளில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, நள்ளிரவுக்கு ஒன்று என மூன்று பாட்டுகளும் சேர்ந்தன. மூன்றுக்கும் கடைசிக் கண்ணி ஒன்றேதான். அதுதான் நாம் பாடுகிற அந்த நான்கு வரி. பேராலயங்களை மனதில் வைத்து எழுதியதல்ல. விடுதி அறையில் எழுந்ததும் படுக்கப்போகும்போதும் பையன்கள் பாடுவதற்காக எழுதியது.

இனி அரண்மனைக்கு வருவோம். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அந்நாட்டு அரசரே தலைவர். பேராயர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையதே. அரண்மனையில் வழிபாடு நடத்தவும் பிரசங்கம் பண்ணவும் குருமார் பலர் முறை வைத்து வந்து போவார்கள். அரசர் கண்ணில் பட்டுவிட்டால் பேராயர் பதவி கைக்கெட்டும் தூரம். ஆகவே அரண்மனைச் சாப்ளின் வேலை என்பது ஏணியின் நடுப்படி மாதிரி. மேலே ஏறணுமானால் வாயைத் திறக்கும்போது கவனமாயிருக்கணும். ஆனால் அவர் மேல் விழுந்த கடமையோ நேர்மாறானது. அரசரும் ஓர் ஆத்துமா. அந்த ஆத்துமாவுக்கு உண்மையைச் சொல்ல நியமிக்கப்பட்ட ஆள் அவர். சம்பளம் கொடுக்கிறவரையே கண்டிக்கிற வேலை! இந்த இக்கட்டில் பெரும்பாலோர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

கென்னின் முதல் சோதனை ஹாலந்து நாட்டில் வந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசியான இளவரசி மேரி, அப்போது ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் மனைவியாக ஹேக் நகரில் இருந்தார். 1679-இல் கென் அவருடைய சாப்ளினாகப் போனார். அவருக்கு முன் அந்தப் பணியில் இருந்தவர் நண்பர் ஜார்ஜ் ஹூப்பர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். வில்லியமின் உறவினர் ஒருவர், இளவரசியின் பணிப்பெண்ணான ஆங்கிலப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிடப் பார்த்தார். கென் அவரைக் கூப்பிட்டுப் பேசி, வாக்குக் கொடுத்தபடி மணந்துகொள்ள வைத்தார். வில்லியமுக்கு வந்ததே கோபம்! கென் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போகத் தயார் என்று சொல்லிவிட்டார். சில காலத்தில் நாடு திரும்பினார்.

அடுத்து இரண்டாம் சார்லஸ் அரசர் அவரைத் தம் சாப்ளின்களில் ஒருவராக்கிக்கொண்டார். சார்லஸ் உல்லாசப் பேர்வழி, ஆசைநாயகிகள் பலர். 1683 வாக்கில் அரசர் பரிவாரத்தோடு வின்செஸ்டருக்கு வந்தார். கூட வந்தவர்களுக்குத் தங்க இடம் ஒதுக்குகிற அதிகாரி, நாடக நடிகையும் அரசரின் ஆசைநாயகியுமான நெல் க்வின்னுக்குக் கென்னின் வீட்டைக் குறித்துவிட்டார். கென் முடியாது என்று மறுத்தார். தம் வீட்டுக் கூரையையே பழுதுபார்க்க வேண்டுமென்று பிரிக்கச் செய்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கூரை கதை எப்படியோ, வீடு கொடுக்கவில்லை என்பது நிச்சயம். அம்மணிக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

கதை இத்தோடு முடிந்தது, ஆள் தொலைந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1684-இல் பாத் அண்டு வெல்ஸ் பேராயர் பதவி காலியானது. சிபாரிசுகள் குவிந்தன. அரசரோ, நெல்லுக்கு இடம் தர மறுத்த அந்தக் குள்ள மனுஷனுக்குத்தான் இந்தப் பதவி என்று முடிவு சொல்லிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, சார்லஸிடமும் ஒரு பெருந்தன்மை இருந்தது. தன்னை முகஸ்துதி செய்யாதவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1685 ஜனவரி 25-ஆம் தேதி கென் பேராயராக அபிஷேகம் பெற்றார். இரண்டே வாரத்தில், பிப்ரவரி 6-ஆம் தேதி, சார்லஸ் இறந்துபோனார். அந்தக் கடைசி நாட்களில் படுக்கையருகே இரவும் பகலும் இருந்த குருமாரில் கென் ஒருவர். அறையிலிருந்த ஆசைநாயகியை வெளியே போகச் செய்து, அரசியாரை அழைத்துவந்து கணவரிடம் சேர்த்தவர் அவரே. மனந்திரும்பும்படி அரசரிடம் உருக்கமாகப் பேசினார். ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க அரசர் இணங்கவில்லை. பின்வழியாக ரகசியமாக வந்த கத்தோலிக்கக் குருவிடம்தான் சார்லஸ் கடைசியில் நற்கருணை பெற்றார். கென்னுக்கு அது எப்படிப்பட்ட வேதனை என்று நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அரசரானவர் தம்பி இரண்டாம் ஜேம்ஸ், வெளிப்படையான கத்தோலிக்கர். அந்த ஆண்டே சார்லஸின் மகன் மன்மத் பிரபு கலகம் செய்து, ஜூலை மாதம் செட்ஜ்மூர் போரில் தோற்றார். தலை வெட்டப்படுவதற்கு முன் அவரோடு மேடையில் நின்று ஜெபித்த குருமாரில் கென்னும் உண்டு. செட்ஜ்மூர் கென்னின் மறைமாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. பிடிபட்ட ஏழைக் குடியானவர்கள் வெல்ஸ் நகரில் அடைபட்டுக் கிடந்தார்கள். அரசருக்கு எதிராக ஆயுதம் தூக்கியதைக் கென் ஒப்புக்கொண்டவரல்ல. ஆனாலும் தினமும் போய் அவர்களைப் பார்த்தார், சாப்பாடு கொடுத்தார், அவர்களுக்காக அரசரிடம் மன்றாடினார். ஞாயிறுதோறும் பன்னிரண்டு ஏழைகளைத் தம் மேஜையிலேயே உட்காரவைத்துச் சாப்பிடுவது அவர் வழக்கம். ஒருமுறை பதவி வகையில் நாலாயிரம் பவுன் கைக்கு வந்தபோது, அதில் பெரும் பங்கைப் பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த அகதிகளுக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், சேர்த்துவைக்கத் தெரியாதவர்.

1688-இல் பெரிய சோதனை வந்தது. கத்தோலிக்கருக்கும் பிற சபையாருக்கும் எதிரான சட்டங்களை நிறுத்திவைக்கும் பிரகடனத்தை எல்லாக் கோயில்களிலும் வாசிக்க வேண்டும் என்று ஜேம்ஸ் உத்தரவு போட்டார். மத சுதந்திரம் நல்லதுதானே என்று இன்று நாம் கேட்போம். நியாயமான கேள்விதான். பேராயர்கள் தங்கள் மனுவில் சொன்னது வேறு: பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை அரசர் தம் இஷ்டத்துக்கு நிறுத்திவைக்க முடியாது, சட்டத்துக்கு மாறானதை வாசிக்கும்படி எங்களைக் கேட்காதீர்கள் என்பதே. பிரதம பேராயர் சான்க்ராஃப்ட் முதலாக ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் கென் ஒருவர். ஜூன் 8-ஆம் தேதி ஏழு பேரும் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆற்றங்கரையில் ஜனங்கள் முழங்கால்படியிட்டு அவர்களிடம் ஆசி வாங்கினார்கள். ஜூன் 29-இல் விசாரணை. ஜூரிகள் இரவெல்லாம் கூடிப் பேசி மறுநாள் காலை குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். லண்டன் நகரமே கொண்டாடியது. அன்றிரவே பிரபுக்கள் சிலர் வில்லியமுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். நவம்பரில் அவர் படையோடு வந்து இறங்க, ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார்.

இப்போது கென் என்ன செய்திருக்கணும்? தம்மைச் சிறையில் போட்ட அரசர் ஓடிவிட்டார். புதிய அரசி மேரி, ஒருகாலத்தில் தாம் ஊழியம் செய்த இளவரசியே. வில்லியமுக்கும் மேரிக்கும் விசுவாசப் பிரமாணம் செய்தால் போதும், பதவி, மாளிகை, மரியாதை எல்லாம் பத்திரம். ஆனால் கென், ஜேம்ஸ் உயிரோடிருக்கும்போது அவருக்குக் கொடுத்த பிரமாணத்தை எப்படி மீறுவது என்று தயங்கினார். சத்தியம் செய்தபோது அவர் நல்ல அரசராய் இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனையும் போடவில்லையே! நண்பர் ஹூப்பர் அவரிடம் வாதாடிப் பார்த்தார். ஹூப்பர் தாமே பிரமாணம் செய்தவர்; அதில் தவறில்லை என்று மனதார நம்பியவர். கென் மாறவில்லை. சிறை சென்ற ஏழு பேரில் கென்னையும் சேர்த்து ஐந்து பேர் பிரமாணம் செய்ய மறுத்தார்கள்.

விளைவு தெரிந்ததே. பதவி போயிற்று. 1691-இல் ரிச்சர்டு கிட்டர் என்பவர் வெல்ஸ் பேராயரானார். வெல்ஸ் பேராலயத்தில் எல்லோர் முன்னிலும் தம் எதிர்ப்பைச் சொல்லிவிட்டுக் கென் வெளியேறினார். உடைமைகளை விற்றதில் கிடைத்தது எழுநூறு பவுன். ஆக்ஸ்ஃபோர்டில் உடன் படித்த வேமத் பிரபு அவரைத் தம் லாங்லீட் மாளிகையில் ஏற்றுக்கொண்டார். அந்த எழுநூறை வாங்கிவைத்துக்கொண்டு ஆண்டுக்கு எண்பது பவுன் கொடுத்துவந்தார். சிநேகிதனுக்குத் தர்மச் சோறு என்ற குறை வராதபடி செய்த உதவி அது. காலேஜ் நட்பு என்றால் இதுவல்லவா நட்பு! சுமார் இருபது ஆண்டுகள் கென் அங்கேயே இருந்தார்.

அங்கே இருந்தபோதும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1694 இறுதியில் அரசி மேரி இறந்தபோது, மரணப் படுக்கையில் அவரை மனந்திரும்பச் சொல்லி உணர்த்தத் தவறியதாகப் பிரதம பேராயர் டெனிசனைக் கண்டித்து எழுதினார். சரியோ தப்போ, அரண்மனைப் போதகரின் கடமை என்று அவர் நினைத்தது அதுதான். ஆனால் தம் கட்சிக்காரர்கள் ரகசியமாகப் புதிய பேராயர்களை ஏற்படுத்திச் சபையை நிரந்தரமாகப் பிளக்கப் பார்த்தபோது அதற்கு அவர் உடன்படவில்லை. தம் மனசாட்சிக்காகத் தாம் நஷ்டப்படலாம், சபை நஷ்டப்படக் கூடாது என்பது அவர் எண்ணம்.

1703 நவம்பரில் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கியது. வெல்ஸ் மாளிகையில் புகைக்கூண்டு இடிந்து விழுந்து பேராயர் கிட்டரும் மனைவியும் படுக்கையிலேயே இறந்தார்கள். ஆன் அரசி பதவியை மறுபடியும் கென்னுக்கே தர முன்வந்தார். கென் ஏற்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஹூப்பர் வருகிறார் என்றதும் மகிழ்ந்து, தமக்கிருந்த உரிமையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பிரமாணம் செய்யாதவர், செய்தவரின் கையில் தம் மந்தையை ஒப்படைத்தார். கொள்கை வேறு, நட்பு வேறு என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. அரசி அவருக்கு ஆண்டுக்கு இருநூறு பவுன் உதவித்தொகை கொடுத்தார்.

1711 மார்ச் 19-ஆம் தேதி லாங்லீட்டில் கென் காலமானார். போகிற இடமெல்லாம் தம் சவத்துணியைப் பெட்டியில் எடுத்துப் போகிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதையே உடுத்தி, அருகிலுள்ள ஃபுரூம் ஊர்க் கோயிலில், சூரிய உதய வேளையில், ஆடம்பரமின்றி அடக்கம் செய்தார்கள். காலைப் பாட்டு எழுதியவருக்கு ஏற்ற நேரம்தான்.

இன்றும் பிரிட்டிஷ் அரண்மனையில் சாப்ளின்கள் உண்டு. செந்நிற அங்கி அவர்களுக்கு அடையாளம். இன்று அது பெரும்பாலும் கௌரவப் பதவி. அரசரைக் கண்டித்து யாரும் பதவி இழக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையின் சங்கடம் அரண்மனைக்கு மட்டும் உரியதல்ல. நம் சங்கத்தில் அரசு அதிகாரிகள் இருக்கிறார்கள், கணக்குத் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். சம்பளம் தருகிறவருக்குப் பிடிக்காததைச் சொல்லவேண்டிய ஒரு நாள் எல்லோருக்கும் வந்திருக்கும். அன்று நாம் என்ன செய்தோம் என்பது அவரவருக்குத் தெரியும். இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு அந்த நாள் இனிமேல்தான் வரப்போகிறது.

கென்னைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்வோரும் உண்டு. இருக்கட்டும். அவரைச் சோதித்த அரசர்களின் ஆட்சியெல்லாம் போயிற்று. வெல்ஸ் மாளிகையும் அவருக்கு நிலைக்கவில்லை. தம் பழைய பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த நான்கு வரி மட்டும் நின்றுவிட்டது. இந்தக் கூடுகையின் ஞாயிறு ஆராதனையில் அதைப் பாடும்போது, ஒரு நிமிஷம் அந்தக் குள்ள மனுஷனையும் நினைத்துக்கொள்வோம்.